படிக்கட்டுப் பாட்டு

வாங்கம்மா, உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. ஃபேனைப் போடுறேன், சத்தம்தான் வரும், காத்து கொஞ்சம் மெதுவா வரும்.

மெட்ராஸ்ல இருந்து இதுக்காகவா வந்தீங்க? இந்த ஒரு படத்துக்காகவா? போன்ல நீங்க பேரைச் சொன்னப்ப இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன் இல்லையா. 'தி ஃபார்ட்டியத் கெஸ்ட்'. அந்தப் பேரை இன்னொருத்தர் வாயால கேட்டு எவ்வளவு வருஷம் ஆச்சு. உலகம் பூரா அதைத் தேடித் தேடிப் பாக்குறாங்க, புஸ்தகம் புஸ்தகமா எழுதுறாங்கன்னு சொல்றீங்க. டோபி க்ரேன் ஊர் ஊராப் பாடி வாங்கின பேரைவிட, அந்த ஒத்தைப் படத்துல நடிச்ச பேருதான் நின்னுச்சுன்னு சொல்றீங்க. நிக்கட்டும், நல்லதுதான். எங்க ஊர்ல அது ஒன்பது நாள் ஓடுச்சு. காலைக் காட்சி, பதினோரு மணி.

உங்ககிட்ட எப்படிச் சொல்றது. அந்தக் காலத்துல பதினோரு மணிக் காட்சின்னா அந்த மாதிரிப் படம்தான். படிச்ச பொண்ணு நீங்க, புரிஞ்சுக்குவீங்க. இங்கிலீஷ் படம், ஏ சர்ட்டிபிகேட், அதுல எங்கயாவது ஒரு பொம்பளை முதுகு தெரிஞ்சாப் போதும், எங்க மேனேஜர் அதுக்குத் தமிழ்ல ஒரு பேரு வச்சு போஸ்டர் அடிச்சிடுவாரு. உங்க உலகப் படத்துக்கு எங்க ஊர்ல என்ன பேரு தெரியுமா? 'மாளிகையில் மோகினிகள்'. மோகினியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. இங்கிலீஷ் பேரு கீழ ஒரு ஓரத்துல, எறும்பு மாதிரி போட்டிருக்கும்.

கொட்டகை பேரு வேண்டாம்மா. இப்ப அது கல்யாண மண்டபம், நடத்துறவங்க நல்ல மனுஷங்க. பொன்மலையில இருந்துச்சு, அவ்வளவு எழுதிக்கங்க. நான் அங்க இருபத்தாறு வருஷம் ஆப்பரேட்டர். லைசென்ஸ் வாங்கின ஆப்பரேட்டர். துரைக்கண்ணு கேபின்ல இருந்தா படம் அறுந்து நின்னுச்சுன்னு பேச்சே கிடையாது. யாரை வேணும்னாலும் கேளுங்க. கேக்க இப்ப யாரும் இல்லை, அது வேற விஷயம்.

படம் என்ன கதைன்னு கேட்டா எனக்கு இன்னிக்கும் சொல்லத் தெரியாது. லண்டன் பக்கத்துல ஒரு பெரிய மாளிகை. சொத்தெல்லாம் தொலைச்ச ஒரு பிரபுவோட மாளிகை. கல்யாணம்னு முப்பத்தொன்பது பேர் வந்து இறங்குறாங்க. டோபி க்ரேன்தான் மாப்பிள்ளை. கல்யாணம் நடக்கவே மாட்டேங்குது. வந்தவங்களும் கிளம்ப மாட்டேங்குறாங்க. குடிக்கிறாங்க, தூங்குறாங்க, மறுபடி குடிக்கிறாங்க. ஆம்பளை பொம்பளை துணியைப் போட்டுக்கிறான், பொம்பளை ஆம்பளை துணியைப் போட்டுக்கிறா. மாப்பிள்ளை பொண்ணோட முக்காட்டைப் போட்டுக்கிட்டு குளிக்கிற தொட்டியிலேயே கிடக்கான். விருந்துக்குச் செஞ்ச சோறெல்லாம் மேசை மேலேயே அழுகிக் கிடக்கு. என் வீட்டுக்காரி பாத்திருந்தா முதல்ல விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிருப்பா.

அந்தப் பாடகன் நடிச்சான்னு நான் சொல்ல மாட்டேன். நாலு நாள் தூக்கம் இல்லாதவன் எப்படி இருப்பானோ அப்படி இருந்தான். ஆனா அவன் வந்தா கண்ணை எடுக்க முடியாது. அதை ஒத்துக்கிறேன்.

முதல் நாள் நல்ல கூட்டம். ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ராத்திரி ஷிப்டு முடிச்சவங்க, வீட்டுல தூங்குறேன்னு சொல்லிட்டு வந்தவங்க, இப்படித்தான் கூட்டம். இடைவேளை வரைக்கும் பொறுத்துப் பாத்தாங்க. இடைவேளை முடிஞ்சதும் அந்தப் பாட்டு வருது. நீங்கதான் பாத்திருக்கீங்களே. மாப்பிள்ளை ஒருவழியா தொட்டியை விட்டு எழுந்து வந்து படிக்கட்டுல உட்கார்ந்து பாடுறான். பின்னால நாலு பேர் வாத்தியம் வாசிக்கிறாங்க. ஆறு நிமிஷம். ஒரே படிக்கட்டு, ஒரே பாட்டு. எங்க ஆளுங்க எதுக்கு வந்திருக்காங்க, இவன் எதைக் காட்டிக்கிட்டிருக்கான். விசில், கத்தல், ஒருத்தன் நாற்காலியைக் கிழிச்சிட்டான். மேனேஜர் கோவிந்தராஜுலு மூச்சு வாங்க மாடி ஏறி கேபினுக்கு வந்து, "துரைக்கண்ணு, நாளைக்கு அந்தப் பாட்டு இருக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

வெட்டினேன். எல்லா ஊர்லயும் நடக்குறதுதான்மா இது. ஓடுற வரைக்கும் வெட்டி ஒரு டப்பாவுல வச்சிருப்போம், படப் பெட்டி கம்பெனிக்குத் திரும்பும்போது ஒட்டி அனுப்பிடுவோம். ஆனா வெட்டக் கூடாதுன்னுதான் விதி. கம்பெனியில இருந்து பெட்டியோட ஒரு ஆளு வருவாரு, ரெப்புன்னு சொல்லுவோம், அவர் கண்ணுல பட்டா ஆப்பரேட்டர் வேலைதான் போகும். மேனேஜர் வேலை போகாது. அந்த ரெப்பும் முதல் நாளே கரூருக்கு வேற பெட்டி பாக்கப் போயிட்டாரு. அதனால வெட்டினேன். சொன்னது அவரு. கத்திரி என் கையில இருந்துச்சு, அவ்வளவுதான்.

மறுநாள் டீச்சர் வந்தாங்க.

டீச்சர்னா மிஸஸ் ஹேசல் லாசரோ. ஆங்கிலோ இண்டியன். பள்ளிக்கூடத்துல பியானோ சொல்லிக் குடுத்தாங்க, ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல ஆர்கன் வாசிப்பாங்க. வீட்டுக்காரர் லாசரோ எஞ்சின் டிரைவர், அவர் முன்னாடியே போயிட்டாரு. ஒரே மகன் டெரிக். அவனை எனக்குத் தெரியும். ரயில்வே இன்ஸ்டிடியூட்ல டான்ஸ் நடக்குறப்ப கிட்டார் வாசிப்பான். இடது கைக்காரன். கிட்டாரைத் தலைகீழா மாட்டிக்கிட்டு வாசிப்பான், நாங்க வெளியில ஜன்னல் ஓரமா நின்னு பாப்போம். அவங்க ஆளுங்க எல்லாரும் சீமைக்குப் போன சமயத்துல அவனும் போனான்.

போன இடத்துல முதல்ல ஓட்டல்ல தட்டு கழுவியிருக்கான். அப்புறம் எப்படியோ வாத்தியக்காரங்களோட சேர்ந்துட்டான். ஒரு நாள் அம்மாவுக்கு லெட்டர் போட்டிருக்கான். டோபி க்ரேன் ஒரு படத்துல நடிக்கிறாரு, படிக்கட்டுல ஒரு பாட்டு, பின்னால வாசிக்கிற நாலு பேர்ல நானும் ஒருத்தன், கேமரா என் முகத்துல கொஞ்ச நேரம் நின்னுச்சு, படம் வந்தா பாரும்மான்னு. அதே வருஷம் பனிக்காலத்துல ரோட்டைத் தாண்டுறப்ப வண்டி மோதி செத்துப் போயிட்டான். அங்கேயே புதைச்சிட்டாங்க. இங்க இருந்து யாரும் போகல. யாரு போறது, எதை வச்சுப் போறது. டீச்சர்கிட்ட இருந்தது பதினெட்டு வயசுல எடுத்த ஒரு போட்டோ. மகன் நடந்து, சிரிச்சு, உசுரோட இருக்குறதை இனிமே பாக்கணும்னா அந்தப் படத்துலதான் பாக்கணும். அதுக்காக ஆறு வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அந்தப் படம் எங்க ஊருக்கு இப்படி ஒரு பேர்ல, இப்படி ஒரு நேரத்துல வந்து சேர்ந்துச்சு. போஸ்டரோட ஓரத்துல இருந்த அந்த எறும்பு எழுத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க.

கவுன் போட்டுக்கிட்டு, கையில குடையோட, கவுன்டர்ல வந்து ஒரு டிக்கெட் கேட்டிருக்காங்க. டிக்கெட் குடுக்குறவருக்குக் கை ஓடல. இது பொம்பளைங்க பாக்குற படம் இல்லை டீச்சர்னு சொல்லிப் பாத்திருக்காரு. எனக்குத் தெரியும் மேன், என் பையன் அதுல இருக்கான், நீ டிக்கெட் கொடுன்னு சொல்லிட்டாங்க. அவங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசுவாங்க, ஆபீசரா இருந்தாலும் வா மேன், போ மேன்தான். மனசுல ஒண்ணும் இருக்காது.

உள்ள வந்து கடைசி வரிசையில உட்கார்ந்தாங்க பாருங்க, கொட்டகையே அடங்கிப் போச்சு. வந்திருந்தவன்ல பாதிப் பேரோட பிள்ளைங்க அவங்ககிட்டப் படிக்குதுங்க. ஒருத்தன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கிட்டான். ஒருத்தன் செருப்பைத் தேடுறவன் மாதிரி குனிஞ்சவன் நிமிரவே இல்லை. அன்னிக்கு ஒரு விசில் கிடையாது. இடைவேளையில ஒவ்வொருத்தனா பக்கவாட்டுக் கதவு வழியா நழுவிட்டான். எனக்குக் கேபின்ல சிரிப்பா வந்துச்சு. அப்ப எனக்கு விஷயம் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பேனா.

படம் முடிஞ்சு அவங்க மாடி ஏறி கேபினுக்கே வந்துட்டாங்க. பாட்டு எங்கேன்னு கேட்டாங்க. லெட்டரைப் பத்தி, மகனைப் பத்தி, உங்ககிட்ட இப்பச் சொன்னேனே அத்தனையும் படியில நின்னே சொன்னாங்க. மேனேஜர் கீழ நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் வாய் தவறி, "இந்தப் படத்துல பாட்டே இல்லையே டீச்சர்"னு சொல்லிட்டேன்.

வாய் தவறித்தான்மா. யோசிச்சுச் சொல்லல. வெட்டினதை வெளியில சொல்லக் கூடாதுங்கறது தொழில்ல ஊறிப்போன பழக்கம். யாரு கேட்டாலும் படம் முழுசாத்தான் ஓடுதுன்னு சொல்லுவோம். போலீஸ் கேட்டாலும் அதான், பொதுஜனம் கேட்டாலும் அதான். அவங்க கேட்டப்பவும் அதான் வந்துச்சு.

அவங்க போனதும் கதவைச் சாத்திட்டு அந்த டப்பாவைத் திறந்தேன். ஐந்நூத்தி நாப்பது அடி. பல்புக்கு நேராப் பிடிச்சு ஒவ்வொரு கட்டமாப் பாத்தேன். நாலு பேர் நிக்கிறாங்க. மூணு பேரோட கிட்டார் ஒரு பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு, நாலாவது ஆளோடது எதிர்ப் பக்கம். முகத்தைப் பாக்கவே வேண்டியதில்லை. டெரிக்தான். ஆப்பரேட்டர் படம் பாக்க மாட்டான்மா, மெஷினுக்குள்ள வெளிச்சத்துக்கு எரியிற கார்பன் குச்சி சரியா எரியுதான்னுதான் பாத்துக்கிட்டு இருப்பான். அதனாலதான் முதல் நாள் என் கண்ணுல படல. இல்லேன்னா நான் வெட்டியே இருக்க மாட்டேன். வெட்டியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன்.

மூணாவது நாளும் வந்தாங்க. நாலாவது நாளும் வந்தாங்க. கண் சிமிட்டினப்ப போயிருக்குமோன்னு கண்ணாடியை மாத்திப் போட்டுக்கிட்டு வந்தாங்க. அந்த முப்பத்தொன்பது பேர் கூட்டத்துல எங்கயாவது மூலையில நிக்கிறானான்னு தேடினாங்க. அரைகுறைத் துணியோட திரியிற கூட்டத்துல அந்தம்மா மகனைத் தேடிக்கிட்டு இருந்தாங்க, நான் மேலே டப்பாவுல அவனை வச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒட்டிப் போட்டிருக்கலாமேன்னு நீங்க நினைக்கிறீங்க. முகத்துலயே தெரியுது. நானும் நினைச்சேன். ஆனா பாட்டே இல்லைன்னு சொல்லிட்டேனே. நாளைக்குப் பாட்டு வந்தா, இன்னிக்கு ஏன் இல்லைன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? அவங்க நேர்மையான மனுஷி, ரெப்பு திரும்பி வந்ததும் நேரா அவர்கிட்டயே கேட்டிருப்பாங்க. எனக்கு அப்பத்தான் ரெண்டாவது பொண்ணு பிறந்திருந்தா. அவங்களுக்கு மட்டும் தனியா காலையில போட்டுக் காட்டியிருக்கலாம்னு சொல்லுவீங்க. கார்பன் மேனேஜர் அலமாரியில இருக்கும், அவர்தான் எண்ணி எடுத்துக் குடுப்பாரு. இதெல்லாம் வெளியில இருக்குறவங்களுக்குத் தெரியாது.

அஞ்சாவது நாள் கொட்டகையில அவங்களோட சேர்த்து பதினோரு பேர். அதுக்குள்ள ஊரே பேச ஆரம்பிச்சிருச்சு. டீச்சர் மகன் அந்த மாதிரிப் படத்துல நடிச்சிருக்கானாம், அதை இந்தம்மா தினம் வந்து பாக்குதாம்னு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அந்தம்மா வந்தா ஒருத்தனும் வர மாட்டேங்குறான், உன்கிட்டதான் பேசுறாங்க, ஏதாவது சொல்லி அனுப்பி வையின்னாரு.

ஆறாவது நாள் சொன்னேன். பதமாத்தான்மா சொன்னேன். கேபின்ல இருந்த ஸ்டூலைத் துடைச்சுப் போட்டு உட்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, அதுக்கப்புறம்தான் பேச்சை எடுத்தேன்.

"டீச்சர், நான் இந்தப் படத்தை ஆறு தடவை ஓட்டிட்டேன். ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரியும். உங்க மகன் இதுல இல்லை."

"அவன் எழுதியிருக்கானே."

"வெளிநாடு போன பிள்ளைங்க வீட்டுக்குக் கொஞ்சம் பெருசாத்தான் எழுதும் டீச்சர். தட்டு கழுவுறேன்னு எழுத மனசு வருமா? அம்மா சந்தோஷப்படட்டும்னு எழுதியிருப்பான்."

அவங்க பைக்குள்ள இருந்து அந்த லெட்டரை எடுத்தாங்க. படிக்கல, சும்மா பாத்தாங்க. பாத்துட்டு மடிச்சு உள்ள வச்சுட்டாங்க. "அவன் என்கிட்டப் பொய் சொன்னதே இல்லை மேன்"னு சொன்னாங்க. நான் தண்ணி டம்ளரை எடுத்து ஓரமா வச்சேன். "சரி"ன்னாங்க. தேங்க்ஸ் சொன்னாங்க. அந்த மாடிப்படியை நாலு நாளா விறுவிறுன்னு ஏறி இறங்கினவங்க, அன்னிக்குக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்கினாங்க. அவங்க வாசல் தாண்டுற வரைக்கும் நான் மேலேயே நின்னுக்கிட்டு இருந்தேன். மறுநாள்ல இருந்து வரல.

கூட்டம் திரும்பி வந்துச்சு. மேனேஜர் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு.

ஒன்பதாவது நாள், கடைசிக் காட்சி. அன்னிக்கு நான் அந்தப் பாட்டை ஒட்டிட்டேன். மேனேஜர்கிட்டக் கேக்கல, எவன்கிட்டயும் கேக்கல. டீச்சருக்காகத்தான் ஒட்டினேன். எப்படியும் பெட்டி அன்னிக்குத் திரும்பப் போகணும், போறப்ப முழுசா இருக்கணும், அதுவும் ஒரு காரணம்னு வச்சுக்கங்க. ஆனா காட்சி முடிஞ்சப்புறமும் ஒட்டியிருக்கலாமே. காட்சிக்கு முன்னாடியே ஒட்டினேன் இல்லையா, அதைத்தான் நான் சொல்றேன்.

பாட்டு வந்துச்சு. கார்பனைப் பாக்கல, அந்தச் சின்ன ஓட்டை வழியா படத்தைப் பாத்தேன். அந்தப் பாடகன் முக்காட்டோட படிக்கட்டுல உட்கார்ந்து ஆரம்பிக்கிறான். எனக்கு அந்தப் பாட்டுல ஒரு வார்த்தை புரியாது. ஆனா கல்யாணம் நடக்காதுன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு, அது எனக்குப் புரிஞ்சுச்சு. பாடிக்கிட்டே எந்திரிக்கிறான், ஒவ்வொரு படியா மேல ஏறுறான், வாசிக்கிற ஆளுங்களை ஒவ்வொருத்தனாத் தாண்டிப் போறான். கடைசி ஆளுகிட்ட வந்து நிக்கிறான். தலையில இருந்த முக்காட்டை எடுத்து அவன் தோள்ல போடுறான். அவ்வளவுதான், அந்தப் பாடகன் நகர்ந்துடுறான். டெரிக் முகம் மட்டும் நிக்குது. அவ்வளவு பெரிய திரை பூரா அவன் முகம். கூச்சத்துல சிரிக்கிறான். சிரிச்சுட்டு, குனிஞ்சு விரலைப் பாத்து வாசிக்கிறான். மறுபடி நிமிர்ந்து நேரா நம்மளைப் பாக்குறான். டீச்சரோட கண்ணு அவனுக்கு. அதே கண்ணு.

எனக்கு அழுகை வந்துடுச்சும்மா. கீழ கத்துறாங்க, பாட்டைத் தூக்குடாங்குறாங்க, என் அம்மாவைப் பத்திச் சொல்லக் கூடாததெல்லாம் சொல்றாங்க. மேனேஜர் வந்து கேபின் கதவைத் தட்டுறாரு. நான் திறக்கல. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு ஆறு நிமிஷமும் ஓட்டினேன். அதை மறக்காம எழுதிக்கங்க.

நீங்க இப்ப அந்தக் கம்ப்யூட்டர்ல படத்தை வச்சிருக்கீங்களே, அதைத் திறக்க வேண்டாம். நான் பாத்தாச்சு. அந்த நாலாவது ஆளு யாருன்னே யாருக்கும் தெரியல, படத்துல பேரு போடல, வெள்ளைக்காரங்க எல்லாம் தேடிக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னீங்க இல்லையா. டெரிக் லாசரோ. பொன்மலை. அம்மா பேரு ஹேசல். தைரியமா எழுதுங்க, நான் சாட்சி.

டீச்சர் வீடு கொட்டகையில இருந்து சைக்கிள்ல பத்து நிமிஷம். ஓடிப் போய்க் கூட்டிட்டு வந்திருக்கலாம். ஆனா கார்பன் எரியிறப்ப ஆப்பரேட்டர் நகரக் கூடாது, அது சட்டம். காட்சி முடிஞ்சதும் பெட்டியைக் கட்டி மூணு மணி பாசஞ்சர்ல ஏத்தணும். ஏத்திட்டேன். ஏத்திட்டு வந்து சைக்கிளை எடுத்து அவங்க தெரு வரைக்கும் போனேன். ஜன்னல் வழியா யாரோ ஒரு பொண்ணுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குற சத்தம் கேட்டுச்சு. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்றாங்க. பாடம் நடக்கட்டும், நாளைக்கு வரலாம்னு திரும்பிட்டேன். நாளைக்கு நாளைக்குன்னு போயிடுச்சு. அப்புறம் எனக்குள்ள ஒரு கணக்கு வந்துச்சு. படம் போயிடுச்சு, இனிமே எங்க எப்ப வரும்னு தெரியாது, இப்பப் போய் உங்க மகன் இருந்தான், நான்தான் காட்டலைன்னு சொன்னா அவங்க தாங்குவாங்களா? பொய்யின்னு நினைச்சு ஆறிப்போன மனசு. ஆறினதைப் போய்க் கிளறுவானேன்னு இருந்துட்டேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டு வந்தாங்க. கொட்டகைக்கே வந்து, கேபினுக்கு ஏறி வந்து, காகிதத்துல சுத்தி ஒரு பெரிய துண்டு. ஊர்ல எல்லாரும் என் முன்னாடி ஒண்ணு பேசி முதுகுக்குப் பின்னால ஒண்ணு பேசினாங்க, நீ ஒருத்தன்தான் மேன் எனக்கு உண்மையைச் சொன்னவன்னாங்க. நான் வாங்கிக்கிட்டேன். வாங்காம எப்படி இருக்கிறது, பண்டிகை நாள் அதுவுமா. வீட்டுல கேட்டா, அவங்க வீட்டு ரேடியோவை ரிப்பேர் பண்ணிக் குடுத்தேன்னு சொன்னேன். முந்திரியும் திராட்சையும் போட்டு, அப்படி ஒரு கேக். வருஷா வருஷம் வந்துச்சு. கொட்டகையை மூடினப்புறம் வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்தாங்க. இருபத்திரண்டு வருஷம்.

ஆனா அவங்க ஆறவே இல்லை, அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. நவம்பர் ரெண்டாம் தேதி அவங்களுக்குக் கல்லறைத் திருநாள். அன்னிக்கு ஒவ்வொரு வருஷமும் டெரிக் பேர்ல ஒரு பூசை வைப்பாங்க. செத்தவங்களுக்கு வைக்கிறது வழக்கம்தான். இவங்க அவன் சொன்ன பொய்க்காக வச்சிருக்காங்க. அம்மாகிட்டப் பொய் சொல்லிட்டு, அதைச் சாமியார்கிட்டச் சொல்லி மன்னிப்பு வாங்குற பாவசங்கீர்த்தனம் பண்ணாமலே ரோட்டுல செத்துட்டானாம். அந்தப் பொய்க்கு, மோட்சத்துக்குப் போறதுக்கு முன்னாடி, உத்தரிக்கிற ஸ்தலத்துல கிடந்து வேகுவானாம். சாமியாரே சிரிச்சு, இது ரொம்பச் சின்னப் பாவம்மா, இதுக்கெல்லாம் இவ்வளவு வேண்டாம்னு சொன்னாராம். கேக்கல. வெள்ளிக்கிழமைதோறும் ஒருசந்தி வேற. ஒரே ஒரு வேளைதான் சாப்பாடு. மகனோட பொய்யை அம்மா பட்டினி கிடந்து கழிக்கிறாங்க. இதையெல்லாம் அவங்களே ஒரு கிறிஸ்துமஸ் அன்னிக்கு இதே வாசல்ல நின்னு என்கிட்டச் சொன்னாங்க. உன்கிட்டதான் மேன் சொல்ல முடியும்னாங்க.

ஆளு துரும்பாப் போயிட்டாங்க. ஆர்கன் மிதிக்கக் கால்ல வலு இல்லாம அதையும் விட்டுட்டாங்க. நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தேன். உடம்பைக் கெடுத்துக்காதீங்க டீச்சர், சின்னப் பையன் ஏதோ சொல்லிட்டான், விடுங்கன்னு சொன்னேன். நான் சொன்னா கேப்பாங்கன்னு நினைச்சேன். என் பேச்சுக்கு அவங்ககிட்ட ஒரு மதிப்பு இருந்துச்சு.

தொண்ணூத்தெட்டுல, அவங்க தவக்காலத்துல, ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். சாயங்காலம், பார்வையாளர் நேரம். கூட யாரும் இல்லை. சொந்தக்காரங்க எல்லாம் ஆஸ்திரேலியாவுல. கட்டில்ல ஒரு போர்வை கிடக்குற மாதிரிதான் கிடந்தாங்க. ஆனா என்னைக் கண்டதும் தெரிஞ்சுக்கிட்டாங்க. இந்த வருஷம் கேக் செய்ய முடியுமோ என்னவோன்னாங்க. டிசம்பருக்கு இன்னும் ஒன்பது மாசம் இருக்கு டீச்சர்னு சொன்னேன். சிரிச்சாங்க.

அன்னிக்குச் சொல்லிடணும்னுதான்மா போனேன். சைக்கிள் மிதிக்கிறப்பவே வார்த்தையைக் கூட யோசிச்சு வச்சிருந்தேன். டீச்சர், டெரிக் அந்தப் படத்துல இருந்தான், முக்காட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு சிரிச்சான், உங்க கண்ணு அவனுக்குன்னு சொல்லணும். இவ்வளவுதான். நாலு வார்த்தை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அதுக்குள்ள அவங்க பேசிட்டாங்க. "ஆப்பரேட்டர், அவனை இனி சீக்கிரம் பாத்துடுவேன். சின்ன வயசுல ஒரு தடவை பொய் சொன்னான்னு முழங்கால் போட வச்சிருக்கேன். இந்தத் தடவை கேக்க மாட்டேன் மேன். அந்தப் படத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். பாவம், அவன் எதுக்குச் சொன்னானோ."

என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தக் கையில எலும்பைத் தவிர ஒண்ணும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வயித்தைக் காயப் போட்டவங்ககிட்ட, அத்தனையும் வீண், அவன் பொய்யே சொல்லலைன்னு எந்த வாயால சொல்றது? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா? சொல்லுவீங்க. நீங்க படிச்சவங்க. எனக்கு வரல. "கேக்காதீங்க டீச்சர்"னு சொன்னேன்.

சரின்னு தலையை ஆட்டினாங்க. மூணாவது நாள் போயிட்டாங்க. அங்க போயும் அவன்கிட்டக் கேட்டிருக்க மாட்டாங்க. ஒண்ணு சொன்னா சொன்னபடி நடக்குறவங்க டீச்சர்.